எரிச்சல் வரும் நேரங்களில்... (லிசியே நகர் தெரேசாவின் கதை)

வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் போர் இருக்கும், புரட்சி இருக்கும், உடன்படிக்கை இருக்கும். யார் எந்த ஆண்டில் எந்த நாட்டைப் பிடித்தார் என்று இருக்கும். ஆனால் எரிச்சலுக்கு என்று ஒரு பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் சத்தம் போடுகிறவர், கேட்காமல் நம் பொருளை எடுத்துப் போகிறவர், செய்யாத தப்புக்கு நம்மைக் கை காட்டுகிறவர், எவ்வளவு செய்தாலும் குறை சொல்கிறவர்... இவர்கள் யாரும் வரலாற்றில் வருவதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒரு மனிதனின் நாளில் பாதி இவர்களோடுதான் போகிறது.

இயேசுவைப் போல நடக்க வேண்டும் என்று சொல்வது எளிது. அதைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது சிலுவை, தியாகம், உயிரைக் கொடுப்பது போன்ற பெரிய விஷயங்கள்தான். பெரிய துன்பம் வந்தால் சுற்றி இருப்பவர்கள் கவனிப்பார்கள், ஆறுதல் சொல்வார்கள், பொறுமையைப் பாராட்டுவார்கள். சின்ன எரிச்சலை யார் கவனிக்கப் போகிறார்கள்? அதைப் பொறுத்துக்கொண்டதற்கு யார் மாலை போடப் போகிறார்கள்? அதனால்தானோ என்னவோ, பெரிய துன்பத்தில் நிதானமாக இருப்பவர்கள்கூட சின்ன விஷயத்தில் சட்டென்று வெடித்துவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட சின்ன எரிச்சல்களை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு பெண் வரலாற்றில் இடம் பிடித்திருக்கிறார். அவர் எந்த நாட்டையும் ஆளவில்லை, எந்தச் சபையையும் நிறுவவில்லை, 15 வயதுக்கு மேல் தன் மடத்துச் சுவரைத் தாண்டி வெளியே வரவில்லை. 24 வயதில் இறந்தும் போனார். அவர்தான் பிரான்சு நாட்டின் லிசியே நகரைச் சேர்ந்த தெரேசா.

யார் இந்தத் தெரேசா?

கொல்கத்தாவில் சேவை செய்த அன்னை தெரேசா வேறு, இவர் வேறு. அன்னை தெரேசா தன் துறவறப் பெயராகத் தேர்ந்தெடுத்ததே இந்த லிசியே தெரேசாவின் பெயரைத்தான். தமிழ்நாட்டில் இவரைக் குழந்தை தெரேசா என்றும் சிறுமலர் என்றும் சொல்வார்கள். ஊருக்கு ஊர் சிறுமலர் என்ற பெயரில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றனவே, அந்தச் சிறுமலர் இவர்தான்.

இவர் பிறந்தது 1873 ஜனவரி 2 அன்று, பிரான்சின் அலான்சோன் நகரில். அப்பா லூயி மார்ட்டின் கடிகாரக் கடை வைத்திருந்தவர். அம்மா ஸெலி, அலான்சோனுக்குப் பெயர் வாங்கித் தந்த சரிகைப் பின்னல் தொழிலை நடத்தியவர். பல பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தே பின்னிக் கொடுக்கும் துண்டுகளை வாங்கி, ஒன்றாக இணைத்து, விற்பனைக்கு அனுப்புவது அவருடைய வேலை. வியாபாரம் நன்றாக வளர்ந்ததால் 1870-ல் லூயி தன் கடிகாரக் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்கே உதவி செய்ய வந்துவிட்டார்.

ஒன்பது குழந்தைகள் பிறந்து நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்துபோன குடும்பம் அது. மிச்சமிருந்த ஐந்து பெண்களில் தெரேசாதான் கடைக்குட்டி. அவருக்கு நான்கரை வயது இருக்கும்போது, 1877-ல், அம்மா மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது.

இவர் பிறக்கும்போதே சாந்த சொரூபியாகப் பிறந்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடைக்குட்டியின் பிடிவாதம் அசைக்க முடியாதது என்று அவருடைய அம்மாவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அம்மா போன பிறகு பிடிவாதம் குறைந்து தொட்டால்சிணுங்கி ஆகிவிட்டார். ஏதாவது ஒன்றுக்கு அழுவார். அழுதது முடிந்ததும், ஐயோ அழுதுவிட்டோமே என்று அதற்காக மறுபடியும் அழுவார்!

1886 கிறிஸ்துமஸ் இரவில்தான் ஒரு மாற்றம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே குழந்தைகளுக்காகக் காலணிக்குள் பரிசுப் பொருள்களை வைப்பது வழக்கம். தெரேசாவுக்கு 14 வயது ஆகப் போகிறது. களைப்பாக இருந்த அப்பா, நல்லவேளை இந்தக் கூத்து இந்த வருடத்தோடு முடிகிறது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுந்துவிட்டது. வழக்கமாக இருந்தால் அன்றைய கொண்டாட்டம் அத்தோடு நாசம். ஆனால் அன்று அவர் கண்ணீரை அடக்கிக்கொண்டு, எதுவும் கேளாதது போலக் கீழே இறங்கி வந்து, சிரித்த முகத்தோடு பரிசுகளைப் பிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். தன் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான் என்று தெரேசா பின்னாளில் எழுதினார்.

கவனித்தீர்களா? நடந்தது அவ்வளவுதான். ஒரு தகப்பனார் அலுப்பில் சொன்ன ஒரு வார்த்தை, அதைக் கேட்ட மகள் மாடிப்படியில் நின்று யோசித்த சில விநாடிகள். அவருடைய மொத்தக் கதையும் இந்த மாதிரிச் சில விநாடிகளால்தான் ஆனது.

நான்கு சுவருக்குள் இருபத்தைந்து பேர்

கார்மேல் மடத்தில் சேர வேண்டும் என்பது தெரேசாவின் ஆசை. அக்காக்கள் பவுலினும் மரியாவும் ஏற்கெனவே லிசியே கார்மேல் மடத்தில் கன்னியர்கள். வயது போதாது என்று சொன்னார்கள். 1887 நவம்பரில் அப்பாவோடு ரோமுக்குப் போனவர், போப் 13-ஆம் லியோவின் காலடியிலேயே விழுந்து அனுமதி கேட்டார். கடைசியில் 1888 ஏப்ரல் 9 அன்று, 15 வயதில், மடத்துக் கதவு அவருக்காகத் திறந்தது.

உள்ளே என்ன இருந்தது? சொர்க்கம் இல்லை. ஏறக்குறைய 25 பெண்கள் இருந்தார்கள். பல வயது, பல குணம். சிலர் படித்தவர்கள், சிலர் அதிகம் படிக்காதவர்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து வந்து சேரவில்லை. சாகும்வரை அதே முகங்கள்தான். விடுமுறை கிடையாது, வேறு ஊருக்கு மாறுதல் கேட்க முடியாது. குளிர்காலத்தில் கணப்பு இருந்தது ஒரே ஒரு பொது அறையில் மட்டும். தெரேசா அந்தக் குளிரில் எவ்வளவு துன்பப்பட்டார் என்பது அவர் இறக்கும் தறுவாயில் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கே தெரிந்தது.

மடத்தின் தலைவி மரி த கொன்சாக் அம்மையார் பெரிய மனசுக்காரர்தான், ஆனால் மனநிலை அடிக்கடி மாறும். 1896 மார்ச்சில் நடந்த தலைவி தேர்தலில் ஏழு சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகுதான் முடிவு தெரிந்தது என்றால் உள்ளே எவ்வளவு புகைச்சல் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரே வீட்டில் பல பேராக வாழ்ந்தவர்களுக்கும் விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கும் இது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று விளக்க வேண்டியதில்லை.

சத்தம், அழுக்குத் தண்ணீர், காணாமல் போன விளக்கு

தெரேசா எழுதி வைத்தவற்றிலிருந்து சில சம்பவங்களைப் பார்ப்போம்.

முதலாவது, சத்தம். மாலைத் தியான நேரத்தில் தெரேசாவுக்குப் பின்னால் உட்காரும் ஒரு சகோதரி வினோதமான ஒரு சத்தம் செய்வார். இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று உரசினால் எப்படி இருக்குமோ அப்படி. வேறு யாருக்கும் அது கேட்கவில்லை, தெரேசாவுக்கு மட்டும் காது கூர்மை! திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றுவிடும். அப்படிப் பார்க்க வேண்டும் என்று துடித்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தச் சகோதரியின் மனம் நோகுமே என்று திரும்பவில்லை. எரிச்சலை அடக்கி அடக்கி உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்காமல் இருக்க முயற்சி செய்வதை விட்டுவிட்டு, அந்தச் சத்தத்தையே ஒரு கச்சேரி கேட்பது போல உன்னிப்பாகக் கேட்டு, அதையே இயேசுவுக்குக் காணிக்கையாகக் கொடுப்பது! அந்த ஒரு மணி நேரத் தியானம் முழுக்க அதுதான் நடந்தது.

இரண்டாவது, அழுக்குத் தண்ணீர். சலவை நாளில் கைக்குட்டைகளைத் துவைக்கும்போது எதிரில் நின்ற சகோதரி ஒவ்வொரு தடவையும் அழுக்குத் தண்ணீரை இவர் முகத்தில் தெறிக்கவிட்டார். வேண்டுமென்று அல்ல, கவனக்குறைவுதான். பின்னால் நகர்ந்து, அவர் பார்க்கும்படி முகத்தைத் துடைத்துக்கொள்ளத்தான் தெரேசாவுக்கு முதலில் தோன்றியது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வாயால் திட்டாமல் கையால் திட்டும் முறை அது! ஆனால் அடுத்த விநாடியே, இலவசமாகக் கிடைக்கிற பொக்கிஷத்தை வேண்டாம் என்பது முட்டாள்தனம் அல்லவா என்று நினைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வேலை முடிவதற்குள் இந்தப் புது மாதிரித் தீர்த்தம் பிடித்தே போய்விட்டதாம். இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் அந்த இடத்துக்கு மறுபடியும் வர வேண்டும் என்றுகூட முடிவு செய்தாராம்.

மூன்றாவது, விளக்கு. கார்மேல் மடத்தில் எதையும் என்னுடையது என்று சொல்லக் கூடாது, நம்முடையது என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் இரவு தெரேசா வந்து பார்த்தால் அவர் விளக்கைக் காணோம். யாரோ தங்களுடையது என்று நினைத்து எடுத்துப் போய்விட்டார்கள். அது பேசக் கூடாத மௌன நேரம், போய்க் கேட்கவும் முடியாது. அன்று நிறைய வேலை செய்யலாம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தவர் இருட்டில் சும்மா உட்கார வேண்டியதாயிற்று. இன்னொரு முறை அவர் அறையில் இருந்த அழகான சின்னக் கூஜாவை எடுத்துவிட்டு, விளிம்பெல்லாம் உடைந்த பெரிய கூஜா ஒன்றை வைத்துவிட்டார்கள். ஏழ்மை என்று வார்த்தைப்பாடு கொடுப்பது வேறு, கையில் இருந்த பொருள் போகும்போது முகம் மாறாமல் இருப்பது வேறு என்று அவர் புரிந்துகொண்டது இப்படித்தான்.

நான்காவது, குறை சொல்லும் பாட்டி. நோயாளியான ஒரு வயதான சகோதரியைத் தினமும் மாலையில் ஜெப அறையிலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக வேண்டும். அவரைத் திருப்திப்படுத்தவே முடியாது என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரேசா தானாக முன்வந்து அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தச் சகோதரி தன் மணல் கடிகாரத்தை ஆட்டுவார். கிளம்பு என்று அர்த்தம். இருக்கையை இப்படித்தான் நகர்த்த வேண்டும், இடுப்புப் பட்டியை இப்படித்தான் பிடிக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார். மெதுவாக நடந்தால் உன் கை என்னைப் பிடித்திருப்பதே தெரியவில்லை, விடப் போகிறாயா என்பார். உனக்கு வயது போதாது என்று அப்போதே சொன்னேனே என்ற புலம்பல் வேறு.

சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, கைகளை மடித்துவிட்டதும் தெரேசாவின் கடமை முடிந்தது. ஆனால் கை நடுங்கும் அந்தப் பாட்டி ரொட்டியை வெட்டக் கஷ்டப்படுவதை ஒருநாள் கவனித்தார். அன்றிலிருந்து ரொட்டியையும் வெட்டிக் கொடுத்து, போகும்போது ஒரு புன்னகையும் செய்துவிட்டுப் போனார். யாரும் கேட்காத அந்த உதவியும் அந்தப் புன்னகையும்தான் பாட்டியின் மனதைக் கரைத்தன.

ஒரு குளிர்கால இரவு, இதே வேலையைச் செய்துகொண்டிருந்தபோது தூரத்தில் எங்கோ இசை கேட்டது. வெளிச்சமான ஒரு மாளிகையும் அதில் நல்ல உடை உடுத்திய இளம் பெண்களும் அவர் மனக்கண்ணில் வந்து போனார்கள். கையிலோ முனகிக்கொண்டிருக்கும் ஒரு கிழவி. இருட்டான தாழ்வாரம். இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்து அந்த மாளிகை வாழ்க்கையை ஆயிரம் வருடத்துக்கு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்ற எண்ணத்தோடு அவர் மேலே நடந்தார்.

இது நடிப்பு இல்லையா?

நியாயமான கேள்வி. குறிப்பாக இந்தச் சம்பவத்தைப் படித்தால் அந்தக் கேள்வி வராமல் இருக்காது.

மடத்தில் ஒரு சகோதரியின் பேச்சு, நடை, குணம் எல்லாமே தெரேசாவுக்குப் பிடிக்காது. அதை அவர் மறைக்கவில்லை, எழுத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்தச் சகோதரியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்காக ஜெபித்தார், முடிந்த உதவிகளைச் செய்தார், கோபமாகப் பதில் சொல்லத் தோன்றினால் புன்னகை செய்து பேச்சை மாற்றினார். விளைவு? ஒருநாள் அந்தச் சகோதரியே வந்து, என்னைப் பார்த்தாலே சிரிக்கிறாயே, என்னிடம் உனக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டுவிட்டார்!

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் அதற்குப் பெயர் பாசாங்குதானே?

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. பாசாங்கு செய்கிறவன் எதிரில் இருப்பவரிடமிருந்து எதையோ பெறுவதற்காகச் சிரிக்கிறான். தெரேசாவுக்கு அந்தச் சகோதரியிடமிருந்து பெற வேண்டியது ஒன்றுமே இல்லை. அன்பு என்பது உணர்ச்சி அல்ல, செயல் என்று அவர் முடிவு செய்திருந்தார். பிடிக்கும், பிடிக்காது என்பது நம் கையில் இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இயேசுவும் பகைவரிடம் அன்பு கூருங்கள் என்று சொன்னாரே தவிர, பகைவரை உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. 1896 ஈஸ்டர் காலத்திலிருந்து இறக்கும்வரை தெரேசா விசுவாச இருளில் தவித்தார். மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற சந்தேகமே அவரை வாட்டியது. அதாவது இந்தப் புன்னகைகளில் பல, மனம் நிறைந்து வந்தவை அல்ல. மனம் காலியாக இருந்தபோதும் செய்தவை.

ஓடிப் போனதும் உண்டு

எப்போதும் அவர் ஜெயித்தார் என்று சொன்னால் அது பொய். அவரே அப்படிச் சொல்லவில்லை.

ஒருமுறை தலைவி மார்ச்சளி நோயில் படுத்திருந்தார். அவரிடம் கோயில் சாவிகளைத் திருப்பிக் கொடுக்கத் தெரேசா மெதுவாகப் போனார். தலைவி விழித்துவிடுவாரோ என்று பயந்த இன்னொரு சகோதரி, சாவியை என்னிடம் கொடு என்று தடுத்தார். இவரும் விடவில்லை. கதவருகே இழுபறியில் சத்தம் கேட்டுத் தலைவி விழித்துக்கொண்டார். உடனே அந்தச் சகோதரி, சத்தம் போட்டது தெரேசாதான் என்று நீளமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தெரேசாவுக்கு ரத்தம் கொதித்தது. தன் பக்க நியாயத்தைச் சொல்லத் துடித்தார். ஆனால் வாயைத் திறந்தால் நிச்சயம் மன அமைதி போய்விடும், திறக்காமல் அங்கே நிற்கும் அளவுக்குப் பொறுமையும் இல்லை. என்ன செய்தார்? ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தை விட்டு ஓடிவிட்டார்! இதயம் படபடவென்று அடித்ததில் தூரமாகக்கூடப் போக முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். போர்க்களத்திலிருந்து ஓடுவது வீரம் இல்லைதான், ஆனாலும் தோற்பது நிச்சயம் என்றால் ஓடுவதே மேல் என்று அவர் எழுதியதைப் படித்தால் சிரிப்பு வரும். பிறகுதான் அதில் எவ்வளவு பெரிய உண்மை இருக்கிறது என்று புரியும். சண்டையில் பாதி, யாராவது ஒருவர் அந்த இடத்தை விட்டுப் போயிருந்தால் நடந்தே இருக்காது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதா?

இயேசுவின் மனநிலை என்றால் யார் என்ன செய்தாலும் தலையாட்டுவது என்று ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தெரேசா அப்படி இருக்கவில்லை. புதிதாக மடத்தில் சேரும் நவகன்னியர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே அவர் கண்டிப்பானவர் என்றே பெயர் வாங்கினார். மற்றவரைக் கண்டிப்பதைவிடத் தான் ஆயிரம் முறை திட்டு வாங்குவது மேல் என்பது அவர் எண்ணம், ஆனாலும் கண்டிக்க வேண்டிய இடத்தில் விடவில்லை. தனக்கு நேர்ந்த தொந்தரவு என்றால் பேசாமல் விட்டார். இன்னொருவரின் நன்மை என்றால் பேசினார். இந்த எல்லைக்கோடு கவனிக்க வேண்டியது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

நவகன்னி ஒருவர் ஒருநாள் தெரேசாவிடம் இருக்கும் குறைகளை எல்லாம் முகத்துக்கு நேராகவே கொட்டிவிட்டார். எப்போதும் இனிப்பே சாப்பிட்டுக் கொண்டிருந்தவருக்குப் புளிப்பான பச்சைக் காய்கறி கிடைத்தது போல இருந்தது என்று தெரேசா அதை ரசித்தாராம்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். துணிகளைத் தைத்துப் பராமரிக்கும் அறையில் ஒரு சகோதரி இருந்தார். அவருடைய கோபத்துக்குப் பயந்து யாரும் அவரோடு வேலை செய்ய மாட்டார்கள். 1896-ல் தெரேசா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மனம் நோயுற்றவர்களை உடல் நோயாளிகளைப் போலவே பரிவோடு பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. சினிமாவாக இருந்தால் கோபக்காரச் சகோதரி கடைசிக் காட்சியில் அடியோடு மாறியிருப்பார். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. தெரேசா இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1909-ல், அவர் மடத்தை விட்டே போய்விட்டார். அப்படியானால் தெரேசாவின் அன்பு வீணா? பலன் கிடைத்தால்தான் அன்பு என்றால் அது வியாபாரம். தெரேசா செய்தது வியாபாரம் அல்ல.

கணக்குப் பார்க்காத மனசு

சின்ன வயதில் தெரேசாவிடம் ஒரு மணிமாலை இருந்தது. ஒவ்வொரு நல்ல காரியம் செய்யும்போதும் ஒரு மணியை நகர்த்தி எண்ணிக்கை வைத்துக்கொள்வதற்காக அக்கா மரியா கொடுத்தது. இன்றைய வரவு இத்தனை என்று கணக்கு எழுதுவது மாதிரிதான்.

வளர்ந்த பிறகு அவர் அந்தக் கணக்குப் புத்தகத்தையே மூடிவிட்டார். 1895 ஜூன் 9 அன்று அவர் எழுதிய அர்ப்பண ஜெபத்தில், வெறும் கையோடு கடவுள் முன் வந்து நிற்பேன், என் நற்செயல்களை எண்ணிப் பார்க்கும்படி கேட்க மாட்டேன் என்ற பொருளில் எழுதினார். எவ்வளவு பெரிய வித்தியாசம்! உனக்காக இவ்வளவு பொறுத்தேனே என்று கணக்கு வைத்திருப்பவர், என்றாவது ஒருநாள் அந்தக் கணக்கை வட்டியோடு நீட்டத்தான் போகிறார். பொறுமையாக இருந்தவர்கள் திடீரென்று வெடிப்பது இதனால்தான். கணக்கே எழுதாதவருக்கு வசூல் செய்ய எதுவும் இல்லை.

சீடர்களும் அப்படித்தான் இருந்தார்கள்

1896 பெரிய வியாழன் இரவு தெரேசாவுக்கு முதல் முறையாக இருமலில் ரத்தம் வந்தது. காசநோய். 1897 ஜூனில், அப்பா பயன்படுத்திய சக்கர நாற்காலியில் மடத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து, தலைவி கேட்டுக்கொண்டபடி ஒரு சின்ன நோட்டில் தன் கடைசி நினைவுகளை எழுத ஆரம்பித்தார். பிறரன்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார்கள். புல் அறுக்க வந்தவர்கள், நலம் விசாரிக்க வந்தவர்கள், சந்தேகம் கேட்க வந்த நவகன்னியர்கள்... தொடர்ந்தாற்போல் பத்து வரி எழுத முடியவில்லை என்று அந்த நோட்டிலேயே கேலியாகக் குறிப்பிடுகிறார். சாகப் போகிறவர் எழுதுகிறார், அப்போதும் தொந்தரவு! ஆனால் வந்த ஒருவரையும் அவர் விரட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த பாடத்தை எழுதும்போதே நடத்திக்காட்ட வேண்டியிருந்தது.

அந்த நோட்டில்தான் அவர் ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்டுக்கொண்டார். உன்னை நீ நேசிப்பது போல அயலானையும் நேசி என்பது பழைய கட்டளை. கடைசி இரவுணவின்போது இயேசு இன்னும் ஒரு படி மேலே போய், நான் உங்களை நேசித்தது போல ஒருவரையொருவர் நேசியுங்கள் என்றார். அப்படியானால் அவர் எப்படி நேசித்தார்? சீடர்களின் திறமையைப் பார்த்தா? அவர்கள் மீனவர்கள், அதிகம் படிக்காதவர்கள், உலக எண்ணங்கள் நிறைந்தவர்கள் என்று தெரேசா சுட்டிக்காட்டுகிறார்.

நற்செய்தி நூல்களைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் சீடர்களுக்குப் புரியாது. தங்களுக்குள் யார் பெரியவன் என்று சண்டை போடுவார்கள். விழித்திருங்கள் என்று கெத்சமனேயில் கெஞ்சினால் தூங்கிப் போவார்கள். இயேசு தினமும் வாழ்ந்தது இவர்களோடுதான். சிலுவை ஒருநாள். சீடர்களோ ஒவ்வொரு நாளும்!

மற்றவரின் குறைகளைத் தாங்கிக்கொள்வதும், அவர்கள் பலவீனத்தைக் கண்டு வியப்படையாமல் இருப்பதும், அவர்கள் செய்யும் மிகச் சின்ன நல்லதையும் கவனிப்பதும்தான் அன்பு என்ற முடிவுக்குத் தெரேசா வந்தது இப்படித்தான்.

எழுத என்ன இருக்கிறது?

கார்மேல் மடங்களில் ஒரு சகோதரி இறந்தால் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி மற்ற மடங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது வழக்கம். தெரேசா சாகக் கிடந்தபோது மடத்தில் ஒரு சகோதரி, இவரைப் பற்றித் தலைவி என்னதான் எழுதப் போகிறாரோ, சொல்லும்படியாக இவர் ஒன்றும் செய்யவில்லையே என்று பேசிக்கொண்டாராம். அது தெரேசாவின் காதுக்கும் வந்தது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை, மகிழ்ச்சிதான்.

1897 செப்டம்பர் 30 அன்று தெரேசா இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, சுற்றறிக்கைக்குப் பதிலாக அவருடைய நோட்டுகளே ‘ஓர் ஆன்மாவின் கதை’ என்ற புத்தகமாக வந்தன. முதலில் அச்சடித்தது 2000 பிரதிகள். பிறகு உலகின் பல மொழிகளிலும் அது பரவியது. 1925 மே 17 அன்று போப் 11-ஆம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். மடத்தை விட்டு வெளியே வராதவர் 1927-ல் மறைபரப்பு நாடுகளுக்குப் பாதுகாவலர் ஆனார். 1997 அக்டோபர் 19 அன்று போப் 2-ஆம் ஜான் பால் அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தார். அகுஸ்தீன், தாமஸ் அக்குவினாஸ் போன்ற மேதைகளின் வரிசையில் 24 வயதில் இறந்த ஒரு பெண்! 2015-ல் அவருடைய அம்மா, அப்பா இருவருமே புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. முதலில் வந்த புத்தகம் தெரேசா எழுதியபடியே வரவில்லை. அக்கா பவுலின் ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தியிருந்தார். மடத்துக்குள் கேமரா கொண்டுவந்த இன்னோர் அக்கா செலின், தங்கையின் புகைப்படங்களைத் திருத்தி மென்மையாக்கினார். அன்பினால் செய்ததுதான். மூல நோட்டுகள் உள்ளபடியே வெளிவந்தது 1956-ல்தான். அசல் படங்களில் தெரிவது ரோஜாப்பூ பொம்மை முகம் அல்ல. உறுதியான தாடையும் களைத்த கண்களும் கொண்ட ஒரு பெண்ணின் முகம். எரிச்சல் வந்திருக்கும், அதை விழுங்கியும் இருக்கும் என்று நம்பக்கூடிய முகம்.

அந்த முகம்தான் நமக்கு உதவும். எரிச்சலே வராத ஒருவரைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. உடம்பெல்லாம் வியர்க்கும் அளவுக்கு எரிச்சல் வந்து, திரும்பிப் பார்க்காமல் இருந்தாரே, அவரிடம்தான் கற்றுக்கொள்ள முடியும்.

சொல்லும்படியாக ஒன்றும் செய்யவில்லை என்று அந்தச் சகோதரி சொன்னது ஒரு விதத்தில் சரிதான். ஒரு பார்வையைத் தவிர்த்தார். முகத்தைத் துடைக்காமல் நின்றார். ரொட்டி வெட்டிக் கொடுத்தார். பதில் சொல்லாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

இன்றைக்கே யாராவது ஒருவர் உங்கள் மேல் அழுக்குத் தண்ணீரைத் தெறிக்கவிடக்கூடும். பெரும்பாலும் கவனக்குறைவாகத்தான். அந்த ஒரு விநாடியில், முகத்தைத் துடைத்துக் காட்டும் முன், லிசியே மடத்தின் சலவைத் தொட்டி அருகே நின்ற அந்தச் சின்னப் பெண்ணை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்!